குறில் நெடிலான வரலாறு: ஐரோப்பிய இசைக்குறியீட்டின் காலப்பெயர்கள்

ஐரோப்பிய இசைக்குறியீட்டில் வழங்கும் 'பிரீவ்' என்னும் பெயர், 'குறுகியது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கி.பி. 1280 அளவில் கொலோன் நகரப் பிராங்கோ வகுத்துரைத்த முறையில் அது 'லோங்கா'வை நோக்கக் குறிலே. பின்னர்ச் சிறிய அளவுகள் பெருகப் பெருகப் பழையவை நீண்டொலித்தன. இன்று பொதுவழக்கில் அதுவே மிக நெடியது. 'மிகச் சிறியது' எனப்பட்ட 'மினிம்' இப்போது முழுச்சுரத்தின் பாதி.

மொழிபெயர்ப்பாளர் இடறுமிடம் வேறு. ஆங்கிலக் 'குரோச்செட்' முழுச்சுரத்தில் காற்பங்கு. பிரெஞ்சுக் 'குரோஷ்' அதில் பாதி. இரண்டும் கொக்கியைக் குறிக்கும் ஒரே அடிச்சொல்லின. ஒலியொப்புமையை நம்பிப் பிரெஞ்சுச் சொல்லைக் 'குரோச்செட்' எனப் பெயர்த்தால் சுரம் இருமடங்கு நீளும். செருமானியரும் அமெரிக்கரும் பின்னங்களாலேயே பெயரிட்டனர். தமிழாக்கத்திற்கு அதுவே தக்க நெறி என்பது என் கருத்து. கால், அரைக்கால், வீசம் என்னும் பழைய கீழ்வாய்ப் பெயர்கள் நம்மிடம் ஆயத்தமாகவே உள்ளன.