டார்வின் கொண்டுவந்த சாதுவும் சயாம் சண்டியரும்

தொட்டியோட அடித்தரையில வாழுற மீன்னாலே "எல்லாம் குப்பை பொறுக்குறதுதான், சேர்த்து விடுங்க"ன்னு கடையில சொல்வாங்க. நம்பாதீங்க மக்கா! ரெண்டு மீனோட பூர்வீகத்தைச் சொல்றேன்.

முதலாவது, பெப்பர் கோரி. பீகிள் கப்பல் பயணத்தில் (1831-36) டார்வின் தென் அமெரிக்காவில் சேகரித்த மீன்களில் ஒன்று. 1842-ல் ஜெனின்ஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். 1870-களிலேயே பாரிஸில் கார்போனியே இதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்துவிட்டார். கூட்டமா வாழுற பரம சாது. ஆறாவது வேணும், மீசை தேயாம இருக்க நைஸ் மணல் வேணும்.

ரெண்டாவது, சிவப்புவால் கருஞ்சுறா. பேருதான் சுறா, சாதி கெண்டை. சயாம் அரசின் மீன்வள ஆலோசகரா இருந்த ஹியூ ஸ்மித் 1931-ல் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1996-ல் 'இயற்கையில் அழிந்தது' என்றே பட்டியலில் சேர்த்தார்கள். அப்புறம் கொஞ்சம் பிழைத்திருப்பது தெரிந்து, 2011-ல் 'மிக அருகிய இனம்' என்று திருத்தினார்கள். கடைக்கு வர்றதெல்லாம் பண்ணையில பொரிச்ச குஞ்சுங்க.

பண்ணையில பொறந்தாலும் குணம் போகலை. வளர்ந்ததும் தரையில ஓர் இடத்தை வளைச்சுக்கிட்டு, பக்கத்துல வர்றதையெல்லாம் விரட்டும். கோரி மூலையில ஒடுங்கி, தீனிக்கே வராம மெலிஞ்சுடும்.

அதனால கோரிக்குக் கோரிக் கூட்டமே துணை. சுறா வேணும்னா பெரிய தொட்டியில ஒண்ணே ஒண்ணு. கூட, மேல்மட்டத்துல வேகமா நீந்துற பார்ப் மீன்கள். ஆத்துல இடமில்லாமப் போன மீனுக்கு, தொட்டியிலயாவது தாராளமா இடம் கொடுப்போமே!