டி-யா, டிஏ-வா? மெனுவல் கார் மறையும் காலத்தில் எந்த லைசென்ஸ் எடுப்பது?

உங்களுக்கு 17 வயது ஆகிவிட்டதா? கார் லைசென்ஸ் எடுக்க வாகனமோட்டும் பயிற்சி நிலையத்தில் பெயர் பதியும்போதே ஒரு கேள்வி வரும்: "டி-யா, டிஏ-வா?" கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் மெனுவல் காருக்கு டி. கிளட்ச் இல்லாத ஆட்டோ காருக்கு டிஏ. "இப்ப யாரு மெனுவல் ஓட்டுறா?" என்று நண்பர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பாதி உண்மைதான்.

மெனுவல் எங்கே போனது?

1985-இல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் பெரோடுவா கஞ்சிலும் அறிமுகமான காலத்தில், முதல் கார் வாங்கிய குடும்பங்கள் பெரும்பாலும் மெனுவலையே எடுத்தன. கஞ்சிலில் ஆட்டோவும் கிடைத்தது. ஆனால் அதில் 3 கியர்தான். விலையும் கூடுதல்.

இன்று நிலைமை தலைகீழ். 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியில் மெனுவல் இருந்தது. 2021 நவம்பரில் அதே மைவி மேம்படுத்தப்பட்டபோது மெனுவல் நீக்கப்பட்டது. 2023-இல் வந்த புதிய அக்சியா முழுக்க ஆட்டோ. அதே ஆண்டு பழைய வடிவ அக்சியா இ மட்டும் 22,000 ரிங்கிட் விலையில், ரேடியோகூட இல்லாமல், 5 கியர் மெனுவலாக விற்பனைக்கு வந்தது. கிளட்ச் என்பது ஆக மலிவான காரின் அடையாளமாகிவிட்டது.

ஏன் இந்த மாற்றம்?

முதல் காரணம் சாலை நெரிசல். வேலை முடிந்து கோலாலம்பூரிலிருந்து பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் வழியாகக் கிள்ளானுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி பத்து அடி நகரும், நிற்கும். ஒவ்வொரு முறையும் கிளட்சை மிதிக்க வேண்டும், முதல் கியர் போட வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் தீபாவளி நேரத்தில் மாட்டினாலும் இதே கதைதான். இடது கால் கெஞ்சும்.

இரண்டாவது, தொழில்நுட்பம். "மெனுவல்தான் பெட்ரோல் மிச்சம்" என்று அப்பாவோ மாமாவோ சொல்லியிருப்பார்கள். அவர்கள் காலத்தில் அது சரி. பழைய ஆட்டோவில் எஞ்சின் சக்தி, டார்க் கன்வெர்ட்டர் என்ற பாகத்தில் உள்ள எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். வழியில் கொஞ்சம் வீணாகும். கியர்களும் குறைவு. இப்போது வரும் சிவிடி கியர்பாக்ஸில் படிப்படியான கியர்கள் இல்லை. ஒரு பெல்ட், அகலம் மாறும் இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடி, வேகத்துக்கு ஏற்ற விகிதத்தைத் தானே அமைத்துக்கொள்ளும். 2021 மார்ச்சில் அத்திவா காருடன் பெரோடுவா கொண்டுவந்த டி-சிவிடி, அதிக வேகத்தில் பெல்ட்டுடன் பற்சக்கரத்தையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது. அதனால் பெட்ரோல் கணக்கில் மெனுவலுக்கு இருந்த பழைய சலுகை பெரும்பாலும் போய்விட்டது.

மூன்றாவது, மின்சாரக் கார். மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசை தரும். அதற்குக் கிளட்சும் தேவையில்லை, ஐந்தாறு கியரும் தேவையில்லை. 2024 டிசம்பரில் அறிமுகமான புரோட்டோன் இ.மாஸ் 7 காரில் மெனுவல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியென்றால் டிஏ போதுமா?

இங்கேதான் கவனம் வேண்டும். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே, 2014-இல் டிஏ உரிமத்தை அறிமுகம் செய்தது. டி வைத்திருப்பவர் மெனுவல், ஆட்டோ இரண்டையும் ஓட்டலாம். டிஏ வைத்திருப்பவர் ஆட்டோ மட்டும்தான். "ரெண்டும் கார்தானே" என்று மெனுவல் வண்டியை எடுத்தால், சட்டத்தின் பார்வையில் அது உரிய உரிமம் இல்லாமல் ஓட்டிய குற்றம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, குற்றம் நிரூபணமானால் 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நடந்தால் காப்புறுதிப் பணம் கேட்பதிலும் சிக்கல் வரும்.

பின்னாளில் டி வேண்டுமென்றால், மெனுவல் காரில் மீண்டும் பயிற்சி எடுத்து, ஜேபிஜே செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். அதற்குத் தனிச் செலவு, தனி விடுப்பு.

இன்னும் யாருக்கு டி தேவை?

ஷோரூமில் மெனுவல் குறைந்தாலும் வேலைத்தளங்களில் அது இருக்கிறது. கேட்டரிங் சாமான் ஏற்றும் பழைய வேன், மளிகைக் கடைக்குச் சரக்கு இறக்கும் சின்ன லோரி, ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் பழைய வண்டிகள் என்று இவற்றில் பல இன்னும் கிளட்ச் வண்டிகள்தான். வண்டி ஓட்டத் தெரிந்தவர் வேண்டும் என்ற வேலைக்கு நீங்கள் போய், கையில் டிஏ மட்டும் இருந்தால், சாவி உங்களிடம் வராது. வீட்டில் அப்பாவின் மெனுவல் கார் இருந்தாலும் இதே நிலைதான். அவசரத்துக்கு அதை நீங்கள் தொட முடியாது.

மறுபக்கமும் உண்டு. மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் வண்டியை எடுப்பதுதான் மெனுவல் தேர்வில் பலரும் பயப்படும் இடம். அலுவலக வேலை, வீட்டில் ஆட்டோ கார், வேறு வண்டி ஓட்டும் தேவையே இல்லை என்றால் டிஏ எடுப்பதில் குறை ஒன்றும் இல்லை.

எதை எடுத்தாலும் மெனுவல் ஓட்டுநர்களின் ஒரு பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது அவர்கள் கியரைக் குறைத்து, எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள். ஆட்டோ காரிலும் அதற்கு வழி இருக்கிறது: எல் அல்லது அது போன்ற தாழ்ந்த கியர் நிலை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

பதிவு செய்யும் முன், வீட்டில் எந்த வண்டி இருக்கிறது, அடுத்த ஐந்து ஆண்டுகளில் எந்த வேலைக்குப் போக நினைக்கிறீர்கள் என்று யோசியுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் டி எடுப்பதே நல்லது. டி எடுத்தவர் ஆட்டோ ஓட்ட இன்னொரு தேர்வு எழுத வேண்டியதில்லை.