ஏட்டில் இல்லாத தகப்பன்

அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் பண்ணை ஏட்டில் அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகள் உண்டு. தகப்பன் பெயர் இல்லை. தங்கள் தகப்பன் ஜெஃபர்சனே என்று சாலியின் மகன் மேடிசன் 1873இல் பத்திரிகையில் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அதிபரின் சகோதரி மகன்களைக் கைகாட்டிய ஆண்டைக் குடும்பத்தின் பேச்சையே நம்பினார்கள்.

1998 மரபணுச் சோதனையில், சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வாரிசிடம் ஜெஃபர்சன் குலத்தின் ஆண்வழி மரபணு இருந்தது. சகோதரி மகன்களின் வழியோடு அது பொருந்தவில்லை. சாலி கருவுற்ற காலங்களில் ஜெஃபர்சன் வீட்டில் இருந்ததும் பதிவுகளில் இருக்கிறது.

சொன்னவர் முன்னாள் அடிமை. அதனால் 125 ஆண்டுகள் ஆயின.

சேரிகளின் குடும்ப வரலாற்றைத் தேடும் நாம், ஏட்டை எழுதியது யார் என்று முதலில் கேட்போம். நம் பாட்டிகளின் சொல்லையும் சாட்சியமாகப் பதிவு செய்வோம்.