வெலிங்டனுக்கு வந்த கோப்பை

மணியாச்சியில் ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரன் என்றால் சண்டைக் கதைதான் கேட்பார்கள். எனக்குச் சொல்லத் தோன்றுவது 1955-ஆம் வருசத்து ஃபுட்பால் கதை. நான் பிறப்பதற்கு முன்னே நடந்தது. நீலகிரி மலையில் உள்ள வெலிங்டனில் ரெக்ரூட்டாக இருந்தபோது மூத்த ஹவில்தார்கள் சொல்லக் கேட்டேன்.

அந்த வருசம் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் வெலிங்டனில் இருக்கும் எங்கள் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி, விமானப்படையை 3-2 என்று ஜெயித்தது. 1958-இல் மறுபடியும், கூர்க்கா பிரிகேடை 2-0. கோல் கணக்கை மட்டும் பார்த்தால் இதன் கனம் புரியாது. ஆப்கான் எல்லைக்கோட்டுக்குப் பெயர் கொடுத்த மார்டிமர் டூரண்ட் 1888-இல் சிம்லாவில் தொடங்கிய போட்டி அது. ஐம்பது வருசம் கோப்பை வெள்ளைக்காரப் படைகளின் கையை விட்டுப் போகவில்லை. 1940 டிசம்பரில், உலகப் போருக்கு நடுவே, டெல்லியில் முகமதன் ஸ்போர்ட்டிங் ராயல் வார்விக்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று அதை முதன்முதலாகப் பறித்தது. பிறகு போரும் பிரிவினையுமாக 1949 வரை போட்டியே நடக்கவில்லை. 1950-இலிருந்து ஹைதராபாத் போலீசும் கல்கத்தா கிளப்புகளும் மாறி மாறி வென்றன. இந்தியப் பட்டாள அணி ஒன்று முதன்முதலாக வென்றது 1955-இல். அது எங்கள் அணி.

எங்களுக்கு அது ஏன் பெரிது? 1880-களில் மெட்ராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியான் போருக்கு லாயக்கில்லை என்று நம்பியவர். அதிகாரத்தில் உயர்ந்து அந்த நம்பிக்கையைப் பரப்பியவர். முதல் உலகப் போருக்குப் பின் மெட்ராஸ் பட்டாளங்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். இரண்டாம் போரில் ஆள் பற்றாமல் போனதும் திரும்ப எழுப்பினார்கள். பர்மா வரைக்கும் போய்ச் சண்டை போட்டார்கள் நம் ஆட்கள். லாயக்கில்லை என்று கலைக்கப்பட்டு, உயிர்பெற்றுப் பதினைந்து வருசம்கூட ஆகாத ரெஜிமெண்ட்தான் அந்தக் கோப்பையைத் தூக்கியது.

வெலிங்டன் சுமார் 6,000 அடி உயரம். வெடிப்பு விட்ட கரிசக்காட்டில் ஓடிப் பழகிய எனக்கே அங்கே முதல் வாரம் நெஞ்சு அடைத்தது. அந்த மலையில் பழகிய மூச்சு சமவெளியில் கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம். அதைவிடப் பெரிய காரணம் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர், பனை மாதிரி உயரம். முதலில் முன்வரிசையில் ஆடி, பிறகு கோல்கீப்பராக மாறியவர். இரண்டு வெற்றியிலும் அவர் இருந்தார். மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக் அணிகளிலும் இருந்தார்.

1962 செப்டம்பர் 4-ஆம் தேதி ஜகார்த்தாவில் ஆசியப் போட்டி இறுதி ஆட்டம். காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் வெளியே இருந்த தங்கராஜ் அன்று கோலில் நின்றார். தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அக்டோபர் 20-இல் சீனப் படை எல்லை தாண்டியது. அந்தப் போரால் அந்த வருசம் டூரண்ட் நடக்கவில்லை.

கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கியைப் பற்றிக் கேட்டால் சின்னப் பையன்கூட நாள் முழுக்கப் பேசுவான். 1955 அணியை யாருக்கும் தெரியவில்லை. பட்டாளத்தில் சேர ஓட்டப் பயிற்சிக்கு வரும் பையன்களிடம் இப்போது நான் முதலில் சொல்வது அதைத்தான்.