தண்ணீரா, மனந்திரும்புதலா?

பழைய ஊரையே விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குக் கொடுத்துவிட்ட தெல்தெனியவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “ஐயா, பிறந்த கையோடு எனக்குக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். இப்போது எங்கள் தோட்டத்துக்கு வரும் பாஸ்டர், அது செல்லாது, மனந்திரும்பி முழுக்கு எடுத்தால்தான் இரட்சிப்பு என்கிறார். நான் என்ன செய்ய?”

கத்தோலிக்கத் திருச்சபைக்கு ஞானஸ்நானம் அவசியம். ஆனால் ஒருமுறைதான், பிறகு செய்யும் பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளுக்கு மனந்திரும்புதல் முதலில், தண்ணீர் பிறகு. ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபையோ, மீட்பது கடவுளின் கிருபை, ஞானஸ்நானம் அதன் அடையாளமும் முத்திரையும் என்றது.

அப்படிப் போதித்த ஒல்லாந்தர்தாம், 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின் ஞானஸ்நானத்தை உத்தியோகத்துக்கு வாசல்படி ஆக்கினார்கள். திருமணமும் பிள்ளையின் சொத்துரிமையும் தோம்பு என்ற பதிவேட்டில் ஏறுவதும் அதையே சார்ந்திருந்தன. தலையில் தண்ணீர் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பழைய தெய்வத்துக்கு விளக்கேற்றினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. காணியைக் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து கட்டாயம் தளர்ந்ததும், அந்தப் பெருந்தொகைக் கிறிஸ்தவர்களில் பலர் சபையை விட்டுப் போய்விட்டார்கள்.

கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த அதே ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து ஒரு குருவானவர் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். யோசேப் வாஸ். பகலில் பிச்சை எடுப்பவர்போல வீடு வீடாகப் போவார். மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்து, இரவில் பாவசங்கீர்த்தனம் கேட்பார். 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் வந்தபோது, அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த லனறோல் என்ற பிரெஞ்சு கல்வினியர், அவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றஞ்சாட்டினார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரைச் சிறையில் வைத்தான். சிறையிலேயே சிங்களம் கற்றார் வாஸ்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. உறவினரே கைவிட்ட நோயாளிகளை வாஸ் தேடிப்போய்க் கழுவினார், உணவு கொடுத்தார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். யாருக்கும் கொடுக்க அவரிடம் உத்தியோகம் இல்லை, காணி இல்லை. அவரிடம் ஞானஸ்நானம் கேட்டவர்கள் அதை மட்டும்தான் கேட்டிருக்க முடியும்.

தெல்தெனிய நண்பரே, எந்தச் சபையின் போதனை சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் குருவானவர் அல்லன். ஆனால் முழுக்கு எடுப்பதானாலும் மறுப்பதானாலும், பயத்தாலோ யாரோ தரும் உதவிக்காகவோ செய்யாதீர்கள். அந்த வழியை இந்தத் தீவு ஒருமுறை பார்த்துவிட்டது.

வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் காலமானார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கண்டியில் அவரை அடக்கம் செய்த இடம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

(தொடரும்)