கறிக்கறை, உவர்மண், சவர்க்காரம்: நம் பகுதியின் ஒரு சின்ன வரலாறு

வெள்ளை உடுப்பில் இறைச்சி ஆணம் பட்டால் போக்குவது லேசான வேலையல்ல. கல்யாண வீட்டு சஹனில் இருந்து எழும்பும்போதே ஜுப்பாவைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! பெட்டியில் அடைத்த சலவைத்தூள் வருமுன் இந்தக் கறையை யார், எப்படிப் போக்கினார்கள்? கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

கறிக்கறையில் இரண்டு பொருட்கள் உண்டு. ஒன்று எண்ணெய், மற்றது மஞ்சள். எண்ணெய் வெறும் தண்ணீரில் போகாது, அதற்குக் காரம் வேண்டும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் குர்குமின் என்ற பொருள். அதில் காரம் பட்டால் சிவக்கும். சவர்க்காரம் பூசியதும் கறை இரத்தம் போலாவது இதனால்தான். பிள்ளைகள் விஞ்ஞான பாடத்தில் செய்யும் மஞ்சள் தாள் பரிசோதனையும் இதுதான். நன்றாக அலசினால் சிவப்பு மாறி மீண்டும் மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் போக்குவது வெயில். ஈரத் துணியை நல்ல வெயிலில் விரித்தால் குர்குமின் சிதைந்து நிறம் மங்கிவிடும்.

இந்தச் சூத்திரத்தை எந்தப் புத்தகமும் இல்லாமல் அறிந்திருந்தவர்கள் சலவைத் தொழிலாளர்கள். உவர்மண்ணைக் கரைத்து அதில் துணியை ஊறவைப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடியம் காபனேற்று, அதாவது காரம். பிறகு துணிகளைப் பெரிய பானையின் மேல் அடுக்கி இரவிரவாக ஆவியில் அவிப்பார்கள். இதுதான் வெள்ளாவி. சூடும் காரமும் சேர்ந்து துணியில் இருந்த எண்ணெயையே சவர்க்காரமாக மாற்றிவிடும். காலையில் குளத்துக் கல்லில் அடித்துத் துவைத்து, வெயிலில் விரிப்பார்கள். எண்ணெய்க்குக் காரம், மஞ்சளுக்கு வெயில்!

குளத்தைத் தேடிப் போனதிலும் அர்த்தம் இருக்கிறது. வன்னியில் பல கிணறுகளில் வன்னீர்தான். அதில் சவர்க்காரம் நுரைக்காமல் திரிதிரியாகத் திரைந்து, வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கும். மழையால் நிறையும் குளத்து நீர் பொதுவாக அதைவிட மென்மையானது.

சிங்களத்தில் 'சபன்', அரபியில் 'ஸாபூன்'. நாமோ 'சவர்க்காரம்' என்கிறோம். சவர் என்றால் உவர். உவர்மண்ணும் காரமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

ஆனால் இந்த அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்ன? கல்யாண வீட்டுக்கும் மரண வீட்டுக்கும் வெள்ளை கட்டியவர்கள் அவர்கள். நாலு பேர் சாப்பிட்ட கறையைக் கழுவியவர்களுக்கு, அந்தச் சாப்பாட்டில் சமமாக உட்கார இடம் கொடுக்கப்படவில்லை. பள்ளியில் ஒரே சஃப்பில் நிற்கிறோம் என்று பெருமைப்படும் நாமும், நம் முன்னோர் அவர்களை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

பிறகு கம்பனிச் சவர்க்காரம் வந்தது. 1884இல் இங்கிலாந்தில் பெயர் பதிவான சண்லைட் உலகமெங்கும் பரவியது. 1938இல் லீவர் பிரதர்ஸ் கொழும்பு கிராண்ட்பாஸில் தொழிற்சாலை தொடங்கியது. கட்டிச் சவர்க்காரம் கடைக்கு வந்ததும் வெள்ளாவிப் பானைக்கு வேலை குறைந்தது. துவைக்கும் வேலை வீட்டுப் பெண்களின் கைக்கு வந்தது.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், பற்றரியோடு சவர்க்காரமும் தடைப்பட்டியலில் சேர்ந்தது. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதனால் தடைக்கால நினைவுகள் பெரும்பாலும் நம் தமிழ் அயலவர்களுடையவை. சவர்க்காரம் இல்லாத காலத்தில் அவர்கள் பனம்பழத்தைப் பிழிந்து உடுப்புத் தோய்த்தார்கள். பனங்களியில் பிளபெலிபெரின் என்ற சப்போனின் வகைப் பொருள் உண்டு. களி கைப்பதும் நுரைப்பதும் அதனால்தான். காயப்போட்ட உடுப்பை வாசனைக்கு மாடு வந்து சப்பிவிடும் என்று இன்றும் சிரித்தபடி சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு தாயின் பாடும் இருக்கிறது. குண்டுவீச்சுக்கும் இடம்பெயர்வுக்கும் நடுவிலும், பிள்ளையின் பாடசாலை உடுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். 2002 போர்நிறுத்தத்தோடு பெரும்பாலான தடைகள் நீங்கின.

வெள்ளாவி வைத்த கைகளும் பனம்பழம் பிழிந்த கைகளும் முதுமை அடைந்துகொண்டிருக்கின்றன. மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். கேட்கும்போது மரியாதையாகக் கேளுங்கள். அந்த மரியாதையில் நமக்குப் பழைய பாக்கி உண்டு.