முரசறைந்தோனும் செய்தித் தொடர்பாளரும்

மணிமேகலையின் முதற் காதைக்கு விழாவறை காதை என்று பெயர். புகார் நகரில் இந்திர விழா நடக்கவிருப்பதை, யானையின் பிடரியில் ஏற்றிய முரசை அறைந்து ஒருவன் ஊராருக்கு அறிவிக்கிறான். விழா இருபத்தெட்டு நாள் நடக்கும் என்பதையும், வீதிகளில் புதுமணல் பரப்ப வேண்டும், வாழையும் கரும்பும் நட வேண்டும் என்பதையும் அவன் சொல்கிறான். என்ன நடக்கப்போகிறது, எத்தனை நாள், கேட்பவர் செய்ய வேண்டியது என்ன என்ற மூன்றும் அந்த அறிவிப்பில் இருக்கின்றன. நிறுவனங்களுக்கு ஊடகப் பயிற்சி அளிப்போர் இன்று முதல் வகுப்பில் சொல்லித் தருவதும் ஏறத்தாழ இதைத்தான்.

முரசு பின்னாளில் தண்டோராவாகத் தேய்ந்தது. அரசின் சொல்லைத் தெருத்தெருவாகச் சுமந்தவர்கள் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களாகவே இருந்தார்கள். 2022 ஆகஸ்டில்தான், தண்டோரா முறையைத் தவிர்த்து வாகனங்களில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு தமிழகத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். தாமதமானாலும் நியாயமான முடிவு அது. ஆனால் முரசு போன இடத்தில் என்ன வந்தது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது.

மக்கள் தொடர்பு என்று நாம் இன்று வழங்கும் துறையின் தொடக்கத்தில் ஐவி லீ என்ற அமெரிக்கர் நிற்கிறார். 1906இல் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்வேயின் வண்டி விபத்துக்குள்ளானபோது, நிறுவனம் செய்தியை மறைக்கக் கூடாது, தானே வெளியிட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். செய்தியாளர்கள் விபத்து நடந்த இடத்திற்கே அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஆனால் அதே லீ, 1914இல் லட்லோ சுரங்கத் தொழிலாளர் படுகொலைக்குப் பின் ராக்பெல்லர் தரப்புக்காகப் பிழையான தகவல்கள் நிறைந்த அறிக்கைகளை வெளியிட்டு, 'நச்சுக்கொடி' என்ற பட்டப்பெயரைப் பெற்றார். உண்மையை உடனே சொல்வது, உண்மையைத் தனக்கேற்ப வளைப்பது என்ற இரண்டு மரபுகளும் ஒரே மனிதரிடமிருந்து கிளைத்தன என்றே சொல்ல வேண்டும்.

இந்தியாவில் 1919 ஜூன் மாதம், சிம்லாவில், உள்துறையின் கீழ் ஒரு சிறு செய்திப் பிரிவு தொடங்கப்பட்டது. அலகாபாத் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் ரஷ்ப்ரூக் வில்லியம்ஸ் அதற்குப் பொறுப்பேற்றார். இன்றைய பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் வித்து அது. ஜாலியன்வாலா பாக் நிகழ்ந்து அப்போது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. விடுதலைக்குப் பின் 1958இல் இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் உருவாயிற்று. 1968 ஏப்ரல் 21 அன்று அது தனக்கென ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. 1965இல் தில்லியில் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்புக் கல்வி நிறுவனம் அரசின் தகவல் பணி அலுவலர்களைப் பயிற்றுவித்து வருகிறது. பயிற்சிக்கு இங்கே பஞ்சமில்லை.

இந்த வரலாற்றை வடக்கனந்தலிலிருந்து பார்த்தால் வேறொரு தோற்றம் கிடைக்கிறது. கச்சிராயபாளையத்தை ஒட்டி, கல்வராயன் மலையின் அடியில் அமைந்த பேரூர் இது. கோமுகி அணை அருகில் இருக்கிறது. அணையின் மதகு திறக்கும் நாளில் ஆற்றங்கரையில் இருப்பவருக்கு அறிவிப்பு என்பது உயிர் தொடர்பான விஷயம். மலையிலோ 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சி நீடித்தது. அரசின் சொல் அங்கே நேராகப் போய்ச்சேரத் தொடங்கி அரை நூற்றாண்டுதான் ஆகிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே 2019 நவம்பரில்தான்.

2024 ஜூன் 18, 19 தேதிகளில், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் சாயத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். சாவுகள் நிகழ்ந்த பின்னும், மாவட்ட நிர்வாகத்தின் முதல் விளக்கம் கள்ளச்சாராயம் காரணம் என்பதை மறுத்தது. பின்னர் உண்மை உறுதியாயிற்று. ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். இறந்தோர் எண்ணிக்கை 60ஐக் கடந்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

மெத்தனால் உடனே கொல்வதில்லை. உடலுக்குள் அது வேறு நஞ்சாக மாறுவதற்குப் பல மணி நேரம் ஆகும். அதன் பிறகே வயிற்றுவலியும் பார்வை மங்கலும் தெரியவரும். அந்த இடைவெளிக்குள் மருத்துவமனைக்கு வந்துவிட்டவரைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். ஆகவே 'குடித்திருந்தால் உடனே வாருங்கள், மீதமிருந்தால் கொட்டிவிடுங்கள்' என்ற சொல்லே அங்கே முதல் மருந்து. மறுப்பு அந்த மருந்தின் நேரத்தைத் தின்றது.

1982இல் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்ததால் ஏழு பேர் இறந்தார்கள். தயாரித்த நிறுவனம், எங்கே கலந்தது என்ற வாதத்திற்காகக் காத்திராமல், மாத்திரையை உண்ண வேண்டாம் என்று மக்களிடம் சொல்லி, ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. இரண்டாண்டு கழித்து போபாலில், வாயுவின் தன்மையை மருத்துவர்களே முழுமையாக அறியாத நிலையில் நோயாளிகள் வந்து குவிந்தார்கள். பயிற்சி வகுப்புகளில் இவ்விரண்டு நிகழ்வுகளும் அடுத்தடுத்துப் பாடமாக வைக்கப்படுவது வழக்கம்.

ஆயினும் நம் பயிற்சிகள் பெரும்பாலும் ஒலிவாங்கியின் முன் எப்படி நிற்பது, ஒருவரே பேசுவது எப்படி, சங்கடமான கேள்வியிலிருந்து நாம் சொல்ல விரும்பும் செய்திக்கு எப்படி நகர்வது என்பதோடு நின்றுவிடுகின்றன. தெருவில் தெரிந்த உண்மை அலுவலகத்தின் மேசைக்கு ஏறிவரும் வழியை அவை அமைப்பதில்லை. 'இன்னும் உறுதியாகவில்லை, ஆனால் எச்சரிக்கையாக இருங்கள்' என்று சொல்லும் துணிவையும் அவை தருவதில்லை. முதல் அறிவிப்பு நிறுவனத்திற்குக் கவசம் என்று நினைக்கும் வரை இது மாறாது. கேட்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் புகாரின் முரசறைந்தோன் சொல்லாமல் விடவில்லை. வடக்கனந்தலின் ஆற்றங்கரையில் இருப்பவரும் கருணாபுரத்தின் கூலித் தொழிலாளியும் அரசிடம் எதிர்பார்ப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.